பழைய வண்டியில் பேட்டரி இறங்குது, லைட் மங்குது, சூட்டில் செல்ஃப் எடுக்கலை: எங்கிருந்து தேட ஆரம்பிக்கணும்?

கரிவண்டி:
வணக்கம். கார்புரேட்டர், பாயிண்ட் இக்னிஷன் காலத்து நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. 12 வோல்ட், நெகடிவ் எர்த் (பேட்டரி நெகடிவ் பாடியோடு சேர்ந்தது), 45 ஆம்பியர்-மணி பேட்டரி, உள்ளேயே ரெகுலேட்டர் (வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது) உள்ள ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது). வயரிங் பெரும்பாலும் கம்பெனியில் போட்டதுதான். கோளாறுகள் இவை:

மூன்று நாள் சும்மா நின்றால் செல்ஃப் சுற்றுவதில்லை. பேட்டரி புதுசு. கழற்றித் தனியாக வைத்தால் வோல்டேஜ் இறங்குவதே இல்லை.

ஹெட்லைட் மஞ்சளாகத்தான் எரிகிறது, ஐடிலில் இன்னும் மோசம். இடது இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்க டெயில் லைட்டும் கூடவே துடிக்கிறது, பெட்ரோல் முள்ளும் ஆடுகிறது.

நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு நிறுத்தி உடனே எடுத்தால் செல்ஃபில் ஒரே ஒரு 'டக்' சத்தம், அவ்வளவுதான். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒழுங்காக எடுக்கிறது.

ஆல்டர்னேட்டர், செல்ஃப் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் எதையெல்லாம் அளந்து பார்க்கலாம்?

ஓம்விதி:
இப்போதைக்கு எதையும் மாற்றாதீங்க. நீங்க சொன்னது ஒரு கோளாறு இல்லை, மூணோ நாலோ தனித்தனிக் கோளாறு. ஒண்ணா சேர்த்துப் பார்த்தா தலை சுத்தும்.

பேட்டரியை முழுசா சார்ஜ் போட்டு, சில மணி நேரம் சும்மா விட்டு அளங்க. 12.6 அல்லது 12.7 வரணும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0-க்குக் கீழே போனா கிட்டத்தட்ட காலி. மூடி திறக்கிற பேட்டரியா இருந்தா ஹைட்ரோமீட்டர் போட்டு ஒவ்வொரு செல்லா பாருங்க. முழு சார்ஜில் 1.265 பக்கம் இருக்கும். ஒரு செல் மட்டும் மத்ததைவிட 0.050 குறைஞ்சா அந்த செல் போச்சு, பேட்டரி புதுசா இருந்தாலும் சரி.

அடுத்தது செல்ஃப் சுத்தும்போது வோல்டேஜ். இக்னிஷன் காயிலுக்குப் போற மெல்லிய பாசிடிவ் வயரைக் கழட்டி டேப் சுத்திட்டா எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, நிதானமா அளக்கலாம். பேட்டரி போஸ்ட்டில் 9.6-க்குக் கீழே விழக்கூடாது.

முக்கியமானது இதுதான்: ஓம் மீட்டரை வெச்சு கனத்த கேபிளைச் சோதிக்காதீங்க. செல்ஃப் 150 ஆம்ப் இழுக்குதுன்னு வைங்க. கேபிளில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே போயிடும். உங்க மீட்டர் வயருக்கே 0.2 ஓம் தடை இருக்கு, அந்த 0.01-ஐ அது எப்படிக் காட்டும்? லோடு ஓடும்போது எந்த இடத்தில் எத்தனை வோல்ட் தொலையுதுன்னு பாருங்க. அதைத்தான் வோல்டேஜ் டிராப்னு சொல்றோம்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வைங்க. ஒரு முனை பேட்டரி பாசிடிவில். கிளாம்பில் இல்லை, ஈய போஸ்ட்டின் மேலேயே. இன்னொரு முனை செல்ஃபின் கனத்த போல்ட்டில். உதவிக்கு ஒருத்தர் சாவியைத் திருப்பட்டும். 0.5 வோல்ட்டுக்குள் இருக்கணும். அப்புறம் பேட்டரி நெகடிவ் போஸ்ட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் அதே மாதிரி. இங்கே 0.2-க்குள். ஒரே ஒரு கனெக்‌ஷனில் மட்டும் 0.1-க்கு மேல் தொலைஞ்சா அதைப் பிரிச்சு சுத்தம் பண்ணணும். ஒரு தடவைக்கு அஞ்சு, ஆறு விநாடிக்கு மேல் சுத்தவிடாதீங்க.

டைனமோகாலம்:
இவ்வளவு அளக்கணுமா தம்பி? எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்க. எஞ்சின் நின்னா சார்ஜிங் இல்லை, ஓடினா இருக்கு. அந்தக் காலத்திலிருந்து இப்படித்தான் பார்க்கிறோம்.

பிரஷ்ஹோல்டர்:
ஐயா, டைனமோ வண்டிக்கு அது ஓரளவு சரி. ஆல்டர்னேட்டரில் தயவுசெய்து வேண்டாம். எழும்புற வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கிறதே பேட்டரிதான். லோடு இழுத்துக்கிட்டு இருக்கும்போது அதைப் பிரிச்சா ரெகுலேட்டர் சுதாரிக்கறதுக்குள்ள வோல்டேஜ் சட்டுனு எகிறும். 80 வோல்ட் வரைக்கும்கூடப் போகும். டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுறது), ரெகுலேட்டர், ரேடியோ, எலெக்ட்ரானிக் இக்னிஷன் இருந்தா அதுவும் சேர்ந்து போகும். நல்லா இருந்த ஆல்டர்னேட்டர் அந்தச் சோதனையிலேயே செத்துப்போகும்.

சார்ஜிங் பார்க்க மீட்டர் போதும். எஞ்சினை 2000 ஆர்பிஎம் பக்கம் வைத்து பேட்டரியில் அளங்க, 13.8 முதல் 14.5 வரை இருக்கணும். ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் ஃபேன் எல்லாம் போட்டும் 13.5-க்குக் கீழே இறங்கக்கூடாது. 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டர் கோளாறு, இல்லேன்னா ரெகுலேட்டருக்கு எர்த் சரியில்லை. அடுத்து மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாத்தி அதே இடத்தில் வைங்க. நல்ல ஆல்டர்னேட்டரில் 0.1 பக்கம்தான் காட்டும். 0.5-ஐ நெருங்கினா டயோடு தட்டில் ஏதோ ஒண்ணு போயிருக்கு.

கரிவண்டி, மூணு நாளில் பேட்டரி இறங்குறதுக்கு லீக்கேஜ், அதாவது வண்டி சும்மா நிக்கும்போது கசியற கரண்ட், அளக்கணும். கதவெல்லாம் மூடி, உள்லைட் பல்பை எடுத்துட்டு, நெகடிவ் கிளாம்பைக் கழட்டுங்க. முதலில் மீட்டரைப் போடாதீங்க. 5 வாட் டெஸ்ட் லாம்பை போஸ்ட்டுக்கும் கிளாம்புக்கும் நடுவில் மாட்டிப் பாருங்க. பிரகாசமா எரிஞ்சா பெரிய லீக்கேஜ், அதை முதலில் தேடிப் பிடிங்க. மங்கலா எரிஞ்சாலோ எரியவே இல்லேன்னாலோ மீட்டரை 10 ஆம்ப் துளையில் குத்தி அதே இடத்தில் தொடராக வைங்க. அந்த நிலையில் சாவியைத் தொடவே கூடாது. மீட்டர் ஃப்யூஸ் போயிடும்.

கம்ப்யூட்டர் இல்லாத வண்டியில் கடிகாரமும் ரேடியோ மெமரியும் சேர்ந்து 0.02 ஆம்ப் வந்தாலே அதிகம். 0.05-ஐத் தாண்டினா கட்டாயம் தேடணும்.

கரிவண்டி:
நன்றி. அளந்துவிட்டேன்.

நின்ற வோல்டேஜ் 12.65. செல்ஃப் குளிர்ந்த நிலையில் சுற்றும்போது 10.4. பாசிடிவ் கேபிள் டிராப் 0.3, எர்த் பக்கம் 0.6.

சார்ஜிங் 14.1, எல்லா லோடும் போட்டால் 13.6. ஏசி அளவு 0.3.

லீக்கேஜ் 0.38 ஆம்ப். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன், அளவு மாறவே இல்லை.

பிரஷ்ஹோல்டர்:
உங்க கணக்கு கச்சிதமா உட்காருது. 0.38 ஆம்ப், 72 மணி நேரம்: 27 ஆம்பியர்-மணி. 45-இல் 27 போனா மிச்சத்தில் செல்ஃப் திணறத்தான் செய்யும்.

எந்த ஃப்யூஸைப் பிடுங்கினாலும் மாறலேன்னா லீக்கேஜ் ஃப்யூஸுக்கு முன்னாடி இருக்கு. பழைய வண்டியில் ஃப்யூஸ் வழியா போகாதது பெரும்பாலும் நாலு: ஆல்டர்னேட்டரின் கனத்த வயர், செல்ஃப் சாலினாய்டு (செல்ஃபுக்குக் கரண்டைச் சேர்க்கிற மின்காந்த ஸ்விட்ச்), இக்னிஷன் சாவிக்கு வரும் வயர், யாராவது பேட்டரியிலிருந்து நேரா இழுத்த ஹாரனோ ஸ்டீரியோவோ. மீட்டரை எடுத்துட்டு ஆல்டர்னேட்டரின் கனத்த வயரையும் பக்கத்து பிளக்கையும் கழட்டுங்க. ஆனா பேட்டரி நெகடிவைப் பிரிச்ச பிறகுதான் ஸ்பேனரை வைக்கணும். அந்த போல்ட்டில் எப்போதும் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பிளாக்கில் பட்டா நெருப்புதான். கழட்டின வயர் முனைக்கு டேப் சுத்திட்டு மறுபடி அளங்க.

ஏசி 0.3 கொஞ்சம் தூக்கலா இருக்கு. எனக்கு டயோடு மேலதான் சந்தேகம். சாவியை ஆஃப் பண்ணின பிறகும் இருட்டில் சார்ஜ் லைட் மினுக்குனு எரியுதா பாருங்க. பாசிடிவ் டயோடு முழுசா ஷார்ட் ஆனா அப்படி எரியும். லேசான கசிவுன்னா எரியாது.

கரிவண்டி:
ஆல்டர்னேட்டர் வயர்களைக் கழற்றியதும் 0.38 நேராக 0.01-க்கு வந்துவிட்டது. சார்ஜ் லைட் எரியவில்லை.

பிரஷ்ஹோல்டர்:
அப்போ ஆளைப் பிடிச்சாச்சு. முழு ஆல்டர்னேட்டர் வேண்டாம், ரெக்டிஃபயர் தட்டு (டயோடு தட்டுதான்) மட்டும் மாத்தினா போதும். ஸ்டேட்டர் வயர்களின் சால்டரை விட்டுட்டு மீட்டரை டயோடு முறையில் வைத்துப் பாருங்க. ஒரு திசையில் 0.4 முதல் 0.7 வரை, எதிர்த் திசையில் ஒண்ணும் காட்டக்கூடாது.

ஒரு எச்சரிக்கை: கசியற டயோடு இந்தச் சோதனையில் பலமுறை தப்பிச்சிடும். மீட்டர் கொடுக்கிறது ரெண்டு, மூணு வோல்ட்தான். 12 வோல்ட்டில், அதுவும் சூட்டில்தான் அது கசியும். பேட்டரியிலிருந்து 5 வாட் பல்பு, மில்லி ஆம்ப் மீட்டர் ரெண்டையும் தொடரில் வைத்து எதிர்த் திசையில் கொடுத்துப் பாருங்க. நல்ல டயோடில் முள் அசையாது.

பிரிச்சதுதான் பிரிச்சீங்க, கார்பன் பிரஷ்ஷையும் பாருங்க. வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிறது 5 மில்லிமீட்டருக்குக் குறைவா இருந்தா மாத்திடுங்க. ஸ்லிப் ரிங் கறுத்திருந்தா மெல்லிய உப்புத்தாளால் ஒரு துடைப்பு.

செம்புக்கம்பி:
எர்த் பக்கம் 0.6 வோல்ட் என்பதை யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் இந்த இழையிலேயே முக்கியமான எண்.

எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் மிதக்கிறது. அதற்கும் பாடிக்கும் நடுவே ஒரு பின்னல் பட்டை இருக்கும். அது பார்வைக்கு நன்றாகத் தெரியும், லக்கில் (முனைத் தகட்டில்) நுழையும் இடத்தில் மட்டும் பாதி இழைகள் களிம்பு ஏறி அறுந்திருக்கும். பட்டை வேலை செய்யாவிட்டால் செல்ஃபின் கரண்ட் சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்ததும் அந்தக் கேபிள்களைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சந்தேகமே வேண்டாம்.

பட்டையின் இரு முனைகளிலும் பெயிண்ட், துருவைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியவிட்டு, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினால் ஈரம் புகாது. பேட்டரி கிளாம்பின் உட்புறம் பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவலாம். கரைசல் செல்லுக்குள் போகக்கூடாது.

இனி ஹெட்லைட். பல்பு ஹோல்டரிலேயே, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது, பின்பக்கமாக மீட்டர் முனைகளை நுழைத்து அளந்து சொல்லுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் எந்த மட்டமான வயரும் 12 வோல்ட் காட்டும். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மிச்சமிருந்தாலும் மீட்டருக்கு அது போதும், பல்புக்குப் போதாது.

கரிவண்டி:
எஞ்சின் ஓட, பேட்டரியில் 13.4. பல்பு ஹோல்டரில் 11.3. பாசிடிவ் பக்கம் 1.7, எர்த் பக்கம் 0.4 தொலைகிறது.

செம்புக்கம்பி:
கூட்டினால் 2.1, கணக்கு சரி. ஃபிலமென்ட் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்விகிதத்தில் குறையாது, ஏறத்தாழ 3.4 அடுக்காகக் குறையும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போகும். உங்கள் வண்டியில் கிட்டத்தட்ட பாதி வெளிச்சம் வயரிலேயே எரிகிறது. இந்த நிலையில் அதிக வாட் பல்பு போடுவது ஆபத்து. டிராப் இன்னும் கூடும், ஸ்விட்ச் உருகும்.

காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. பேட்டரியிலிருந்து சாவி, டாஷ்போர்டு ஸ்விட்ச், டிப்பர் ஸ்விட்ச் எல்லாம் சுற்றித் திரும்ப முன்னால் வருகிறது. 1 சதுர மில்லிமீட்டர் வயரில் ஒரு மீட்டருக்கு 17 மில்லி ஓம் தடை. 5 மீட்டர் ஓட்டத்தில் 10 ஆம்ப் போனால் வயரிலேயே 0.85 வோல்ட் காலி. மீதியை ஸ்விட்ச் முனைகள் தின்கின்றன.

தீர்வு ரிலே, அதாவது சிறிய கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. அதன் முனைகளில் 30, 85, 86, 87 என்று எண் போட்டிருக்கும். 30-ஆம் முனைக்குப் பேட்டரியிலிருந்து (இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் போல்ட்டிலிருந்து) 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். அது கிளம்பும் இடத்திலேயே, ஒரு சாணுக்குள், ஃப்யூஸ் ஹோல்டர். இரண்டு 55 வாட் பல்புக்கு 9 ஆம்ப் வரும், 15 ஆம்ப் ஃப்யூஸ் சரி. 87 பல்புக்கு. பல்புக்குப் போன பழைய வயரை 86-இல் கொடுங்கள், 85 எர்த். பழைய ஸ்விட்சுக்கு இனி ரிலே காயிலின் 0.15 ஆம்ப் வேலைதான், அது பல காலம் உழைக்கும். இரு பல்பின் எர்த்தையும் 2.5 வயரில் நேராகப் பாடியின் சுத்தமான இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

ஓம்விதி:
இண்டிகேட்டருக்கு டெயில் லைட் துடிக்கிறது பின் விளக்கின் எர்த் போனதுக்கான நேரடி அடையாளம். உள்ளே நடக்கிறது இதுதான்: 21 வாட் இண்டிகேட்டர் பல்புக்குப் போன கரண்ட் எர்த்துக்கு இறங்க முடியாம, அதே தகட்டில் உட்கார்ந்திருக்கிற டெயில் பல்பின் ஃபிலமென்ட் வழியா பின்னோக்கி ஏறுது. அந்த வயர் முன்னாடி போய் மற்ற டெயில் பல்புகள், மீட்டர் விளக்குகள் வழியா வேற எங்கேயோ எர்த்தைத் தொடுது. அதனாலதான் சம்பந்தமே இல்லாத விளக்கெல்லாம் கூடச் சேர்ந்து ஆடும்.

இண்டிகேட்டர், டெயில், பிரேக் மூணையும் எரியவிட்டு ஹோல்டர் தகட்டுக்கும் பேட்டரி நெகடிவுக்கும் நடுவில் அளங்க. 0.2-க்கு மேல் வந்தா எர்த் ஸ்க்ரூவைக் கழட்டிச் சுத்தம் பண்ணணும். டேங்க் யூனிட்டின் (பெட்ரோல் அளவை முள்ளுக்குச் சொல்றது) எர்த்தும் பல வண்டியில் அதே இடத்தில்தான் சேரும். பெட்ரோல் முள் ஆடறது அங்கேயே தீரும்னு நினைக்கிறேன்.

தீரலேன்னா ஒரு அடையாளம்: பெட்ரோல், டெம்பரேச்சர் ரெண்டு முள்ளும் சேர்ந்து ஏறினா, இறங்கினா அது டாஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கிற வோல்டேஜ் ஸ்டெபிலைசர், இல்லை அதோட எர்த். ஒரு முள் மட்டும்னா அதுக்கான யூனிட் அல்லது வயர். பழைய பைமெட்டல் ஸ்டெபிலைசர் 10 வோல்ட்டை நிலையா தராது, விட்டு விட்டுத் தரும், சராசரிதான் 10. டிஜிட்டல் மீட்டரில் எண் குதிச்சா பயப்படாதீங்க. டேங்க் பக்கம் வயரைத் தொடும்போது மட்டும் பேட்டரி கழட்டியே இருக்கட்டும். பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

புதுசாவி:
இடையில் ஒரு கேள்வி அண்ணா. என் வண்டியில் ஒரு ஃப்யூஸ் எப்போதாவது போகிறது. புதுசு போட்டால் சில சமயம் நிற்கிறது, சில சமயம் உடனே போகிறது. பெரிய ஃப்யூஸ் போடலாமா?

செம்புக்கம்பி:
கூடவே கூடாது. ஃப்யூஸ் வயரைக் காப்பாற்ற இருக்கிறது. அது போகாவிட்டால் ஹார்னஸ் (வயர்க் கட்டு) எரியும்.

ஃப்யூஸ் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை இரண்டு வயரோடு மாட்டுங்கள். முழு ஷார்ட் ஆனாலும் 1.75 ஆம்ப்புக்கு மேல் போகாது, ஷார்ட் நேரத்தில் பல்பு பளீரென எரியும். அந்த ஃப்யூஸின் லோடுகளை எல்லாம் ஆஃப் செய்துவிட்டு ஹார்னஸைச் சாண் சாணாக அசைத்துக்கொண்டே போங்கள். பல்பு மினுக்கும் இடம்தான் இடம். டிக்கி மூடி, கதவுக் கீல், ஸ்டீயரிங் காலம், தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் இல்லாமல் வயர் நுழையும் இடம், இவற்றிலிருந்து தொடங்குங்கள்.

கண்ணாடி ஃப்யூஸ் வண்டியானால் மதிப்பையும் கவனியுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் 35 என்று எழுதியிருப்பது உருகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17.5 தான். அங்கே நவீன 35 ஆம்ப் பிளேடு ஃப்யூஸ் போட்டால் இருமடங்கு ஏற்றியதாகும்.

டைனமோகாலம்:
பாயிண்ட் வண்டிக்காரர்களுக்கு ஒன்று. செல்ஃப் சுற்றும்போது எஞ்சின் பிடித்து, சாவியை விட்டதும் அணைந்தால் பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தடை) அறுந்திருக்கும். செல்ஃப் நேரத்தில் காயிலுக்கு அதைத் தாண்டி நேர் கரண்ட் போகும், அதனால்தான் அப்போது மட்டும் எரிகிறது. பேலஸ்ட் காயில் பிரைமரி 1.5 ஓம், பேலஸ்ட் இல்லாதது 3 ஓம். பேலஸ்ட் காயிலைப் பேலஸ்ட் இல்லாமல் மாட்டினால் பாயிண்ட் கருகும்.

கரிவண்டி:
நல்ல தகவல் ஐயா. எஞ்சின் பட்டை செம்புக்கம்பி சொன்ன மாதிரியே லக் பக்கம் அறுந்திருந்தது. மாற்றியதும் எர்த் டிராப் 0.6-லிருந்து 0.1. பின் விளக்கு எர்த் ஸ்க்ரூவைச் சுத்தம் செய்ததும் டெயில் லைட் துடிப்பு, முள் ஆட்டம் இரண்டும் நின்றன. ரெக்டிஃபயர் தட்டு மாற்றிய பின் லீக்கேஜ் 0.01, ஏசி அளவு 0.08. ஆனால் சூட்டில் செல்ஃப் இன்னும் ஒரு 'டக்' தான்.

ஓம்விதி:
வரிசையா 'டக்டக்டக்'னா பேட்டரி வோல்டேஜ் விழுது. ஒரே 'டக்'னா சாலினாய்டு பாதி இழுத்து நிக்குது, இல்லை இழுத்தும் உள் காண்டாக்ட் சேரலை.

சூட்டில் 'டக்' வரும்போதே சாலினாய்டின் சின்ன முனையில் (50-னு போட்டிருக்கும்) வோல்டேஜ் பாருங்க. 10-க்கு மேல் இருந்தும் சுத்தலேன்னா செல்ஃபைக் கழட்டணும். 8 பக்கம் இருந்தா செல்ஃப் மேல பழி போடாதீங்க, சாவியிலிருந்து வர்ற வயர்தான் பலவீனம். சாலினாய்டு இழுக்கிற நொடியில் 30 ஆம்ப் கேட்கும். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும். 60 டிகிரி சூடு கூடினா சாலினாய்டு காயிலின் தடை கால் பங்கு ஏறிடும், இழுப்பு குறையும். குளிரில் தட்டுத்தடுமாறி இழுத்தது சூட்டில் தோத்துப்போகும்.

கரிவண்டி:
சூட்டில் 50-ஆம் முனையில் 7.8. அதே நேரம் பேட்டரியில் 12.1.

ஓம்விதி:
4.3 வோல்ட் சாவி வழியில் போகுது. செல்ஃப் நல்லாத்தான் இருக்கு, மாத்த வேண்டாம்.

இங்கேயும் ஒரு ரிலே. 40 ஆம்ப் ரகம் எடுங்க. பேட்டரியிலிருந்து 30-க்கும், 87-லிருந்து சாலினாய்டின் 50-க்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயர். சாவியிலிருந்து வந்த பழைய வயர் 86-க்கு, 85 எர்த். பேட்டரி பக்க வயருக்கு 30 ஆம்ப் ஃப்யூஸ். ரிலேயை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குத் தள்ளி, முனைகள் கீழே பார்க்கிற மாதிரி மாட்டுங்க, தண்ணி தேங்காது. மாட்டின பிறகு சூட்டில் 50-இல் 11 பக்கம் வரணும்.

சாவி ஸ்விட்சின் பின்பக்க பிளக்கையும் ஒரு தடவை இழுத்துப் பாருங்க. அந்த இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பா மாறியிருந்தா பிளக் முனைகளைப் புதுசா போடணும், ரிலே மட்டும் போதாது.

செம்புக்கம்பி:
வயர் ஜாயின்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கரிவண்டி இரண்டு ரிலே வேலை செய்யப் போகிறார். முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம், சூட்டில் பசை உருகி டேப் நழுவும். வயரின் தோலை உரித்ததும் செம்பைப் பாருங்கள். கறுத்திருந்தால் பளபளப்பு வரும் வரை பின்னோக்கி வெட்டிக்கொண்டே போங்கள், ஒரு சாண் போனாலும் பரவாயில்லை. கறுத்த செம்பில் கிரிம்ப் (வயரில் நசுக்கிப் பொருத்தும் முனை) பிடிக்காது, சால்டர் ஒட்டாது. கிரிம்ப் போட்டதும் கையால் நன்றாக இழுத்துப் பார்த்து, பசை உள்ள சுருங்கு குழாயை ஏற்றிச் சூடு காட்டுங்கள். முனையில் பசை லேசாகப் பிதுங்கினால் ஈரம் உள்ளே போகாது.

கரிவண்டி:
செல்ஃப் ரிலே போட்டாயிற்று. சூட்டில் 50-ஆம் முனையில் 11.2, உடனே எடுக்கிறது. ஹெட்லைட் ஹோல்டரில் இப்போது 13.0. பழைய பல்பேதான், மாற்றவில்லை. சாவி பிளக்கில் ஒரு முனை மட்டும் பழுத்திருந்தது, அதற்குப் புது டெர்மினல் போட்டாயிற்று.